வாசகர் கேள்வி: அண்ணா போய்ப் பத்து மாதம், நான் அந்த ஒரு போன் அழைப்பிலேயே நிற்கிறேன்

கேள்வி:

எனக்கு 36 வயது. திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறேன். என்னைவிட ஆறு வயது மூத்த அண்ணா பத்து மாதத்துக்கு முன் திடீரென்று இறந்துவிட்டார். டவுனில் மோட்டார் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்தார். வருத்தம் என்று ஒருநாளும் படுத்தவர் இல்லை. அன்று இரவு ஒன்பதரைக்கு எனக்குப் போன் எடுத்தார். வேறு ஏதோ கதைத்துவிட்டு, கடைசியில் “நெஞ்சுக்குள்ள ஒரு மாதிரிக் கிடக்கு, வாய்வு போல” என்றார். “இஞ்சி அவிச்சுக் குடிச்சிட்டுப் படுங்கோ அண்ணா” என்றேன். விடிய நாலு மணிக்கு அண்ணி கத்திக்கொண்டு போன் எடுத்தா. மாரடைப்பு என்றார்கள்.

அம்மா அண்ணாவின் அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்து, ஸ்டூடியோவில் கோட்டும் டையும் போடவைத்து, ஹோலில் மாலையும் லைட்டும் போட்டு வைத்திருக்கிறா. அண்ணிக்கு அதைப் பார்க்க ஏலாது. ஐந்து வயது மகளையும் கூட்டிக்கொண்டு மூதூரில் தாய் வீட்டுக்குப் போய்விட்டா. “அவ மறந்திட்டா” என்று அம்மா சொல்கிறா. பிள்ளையிடம் “அப்பா கட்டாருக்குப் போயிட்டார்” என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். ஆண்டுத் திவசத்தைப் பெரிதாகச் செய்ய வேண்டும் என்று அம்மா நிற்கிறா, அண்ணி வரமாட்டேன் என்கிறா. அண்ணாவின் பழைய வட்ஸ்அப் குரல் பதிவுகளை நான் ஒவ்வொரு இரவும் ஒளித்துக் கேட்கிறேன். அவரை எப்படி நினைவில் வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. எல்லாம் அந்த இஞ்சியிலேயே வந்து முடிகிறது.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கேட்டிருப்பது திவசத்தைப் பற்றி. ஆனால் கடிதத்தில் பெரும்பகுதி அந்த ஒன்பதரை மணிப் போனைப் பற்றி. சுருக்கம் கருதி மேலே கொஞ்சம்தான் போட்டிருக்கிறோம். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

“உன்னில பிழை இல்லை” என்று உங்களுக்கு நூறு பேர் சொல்லியிருப்பார்கள். அது மனதுக்குள் இறங்கவில்லை என்கிறீர்கள். இறங்காதுதான். நீங்கள் முழுவதையும் சொல்லி முடிக்கு முன்பே அவர்கள் அதைச் சொல்லிவிடுகிறார்கள். ஆறுதல் போல இருந்தாலும் “இனி அதைக் கதைக்காதே” என்பதும் அதற்குள் இருக்கிறது. ஆகவே நான் வேறு மாதிரிச் சொல்கிறேன். அன்று இரவே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் அண்ணா பிழைத்திருப்பாரா? பிழைத்திருக்கவும் கூடும். இதை மறைத்தால் நீங்கள் என்னை நம்பப் போவதில்லை. ஆனால் ஒன்பதரை மணிக்கு உங்கள் கையில் இருந்தது என்ன? எந்த வருத்தமும் இல்லாத 42 வயது மனிதர், தானே வாய்வு என்று சொல்கிறார். பக்கத்தில் இருந்த அண்ணிக்கும் வேறு எதுவும் தோன்றவில்லை. மாரடைப்பின் வலி பலருக்கு வாய்வு, நெஞ்செரிப்பு போலத்தான் வரும். ஆஸ்பத்திரியில்கூட முகத்தைப் பார்த்து முடிவெடுக்க மாட்டார்கள். ஈசிஜி எடுத்து, இரத்தத்தில் ட்ரோபொனின் (இதயத் தசை பழுதுபட்டால் கூடும் ஒரு புரதம்) பார்த்து, சில நேரம் சில மணித்தியாலம் கழித்துத் திரும்பவும் பார்த்துத்தான் உறுதி செய்கிறார்கள். விடிய நாலு மணிக்குத் தெரிந்ததை இரவு ஒன்பதரைக்குக் கொண்டுபோய் வைத்துத்தான் உங்கள் மனம் வழக்கு நடத்துகிறது.

அது வழக்காக மாறியதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. வீட்டில் திடீரென்று ஒருவர் இறந்தால் நம் நாட்டில் என்ன நடக்கும் என்று உங்களுக்கு இப்போது நன்றாகத் தெரியும். பொலிஸ் வரும், திடீர் மரண விசாரணை அதிகாரி வருவார், தேவைப்பட்டால் உடல் சட்ட வைத்திய அதிகாரியிடம் போகும். அண்ணி சுயநினைவில்லாமல் கிடக்க, அங்கெல்லாம் நின்று பதில் சொன்னது நீங்கள்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். கடைசியாக எப்போது கதைத்தார், என்ன சொன்னார், என்ன குடித்தார். அதே கேள்விகளை மூன்று நாளில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்! அது அவர்களுடைய கடமை, குறை சொல்லவில்லை. ஆனால் அண்ணாவைப் பற்றி நீங்கள் வாய் திறந்து சொன்ன முதல் கதையே ஒரு வாக்குமூலமாகிவிட்டது. அதற்குப் பிறகு வேறு கதை சொல்ல யாரும் உங்களுக்கு இடம் தரவில்லை.

எனவே ஒரு வேலை தருகிறேன். “வேறு ஏதோ கதைத்துவிட்டு” என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வேறு ஏதோ என்ன? போன் பதிவைப் பார்த்தால் எத்தனை நிமிடம் கதைத்தீர்கள் என்று தெரியும். அந்த நிமிடங்களில் வாய்வைப் பற்றிய பேச்சு எவ்வளவு நேரம் இருந்திருக்கும்? மிச்சத்தில் என்ன இருந்தது? கடைக்கு வந்த ஆளைப் பற்றிப் பகிடி சொன்னாரா, மகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றியா, உங்களை ஏதும் ஏசினாரா? ஒரு கொப்பியில் எழுதுங்கள். நீங்கள் எங்கே இருந்தீர்கள், கையில் என்ன வேலை, அவருடைய குரலுக்குப் பின்னால் என்ன சத்தம் கேட்டது, எல்லாம். எழுதியதை நடுவில் குறுக்கிடாத ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள். பாரம் உடனே குறைந்துவிடாது. ஆனால் அந்த இஞ்சிக்கு முன்னால் ஒரு மனிதர் இருந்தார் என்பது கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். எதிர்பாராத மரணத்தில் கடைசி நாள் வந்து ஆளையே விழுங்கிவிடுகிறது. உங்களுக்கு அவரோடு 36 வருடம் இருக்கிறது. அதை நீங்கள் இன்னும் தொடவே இல்லை.

இன்னொன்றைக் கவனித்தேன். அம்மாவின் துக்கம், அண்ணியின் துக்கம், பிள்ளையின் நிலை எல்லாம் கடிதத்தில் இருக்கிறது. உங்களுடையதை ஒளித்துக் கேட்கும் குரல் பதிவாக மட்டும் வைத்திருக்கிறீர்கள். சகோதரிகளுக்கு நம் சமூகத்தில் நடப்பது இதுதான். வருகிறவர்கள் “அம்மாவைப் பார்த்துக்கொள்” என்பார்கள், “அண்ணி பாவம்” என்பார்கள். தேத்தண்ணீர் ஊற்றுவதும், ஐயருக்குச் சொல்வதும், மரண அத்தாட்சிப் பத்திரத்துக்கு அலைவதும் உங்கள் தலையில். அப்பாவை இழந்தவருக்கு ஆடி அமாவாசை இருக்கிறது, அம்மாவை இழந்தவருக்குச் சித்திரா பௌர்ணமி இருக்கிறது. சகோதரனுக்கென்று விரதம் இல்லை. மாளய பட்சத்தில் எல்லோரோடும் சேர்த்து நினைக்கலாம், அவ்வளவுதான்.

எங்கள் ஊருக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமியையும் அதற்கு முன்னும் பின்னும் நடந்தவற்றையும் பார்த்த ஊர் இது. “குடும்பத்தோட போனவை இருக்கினம், உடம்பே கிடைக்காதவை இருக்கினம், உனக்கு ஒழுங்காக் காரியமாவது செய்யக் கிடைச்சுது” என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இழப்பை நிறுத்துப் பார்க்கும் தராசு எதுவும் என்னிடம் இல்லை, அந்த அக்காவிடமும் இருக்காது. உங்கள் அண்ணாவுக்காக அழுவதற்கு ஊரின் கணக்கைத் தீர்த்துவிட்டு வர வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

கன்னியாவில் அந்தியேட்டிக் கிரியை செய்தபோது சாமான் பையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றேன் என்கிறீர்கள். அங்குள்ள ஏழு வெந்நீர்க் கிணறுகளின் கதையே ஓர் எதிர்பாராத இறப்புச் செய்திதான். தன் காரியமாகப் போய்க்கொண்டிருந்த இராவணனை முதிய அந்தணர் உருவில் வந்த விஷ்ணு மறித்து, தாய் இறந்துவிட்டாள் என்று சொல்கிறார். அவன் எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் தாய்க்குக் கிரியை செய்த இடம் அது என்பது ஐதீகம். பத்துத் தலை இருந்தும் அவனுக்கு முன்கூட்டித் தெரியவில்லை. ஒருநாள் நீங்கள் தனியாகவோ ஒரு தோழியோடோ பஸ் ஏறிப் போய்வாருங்கள். கிரியை எதுவும் வேண்டாம். பையைப் பிடிக்கிற வேலை இல்லாமல் அங்கே ஒருமுறை நின்று பார்க்கலாம்.

சரி, அம்மாவும் அண்ணியும். “அவ மறந்திட்டா” என்பது பிழையான கணக்கு. 1999இல் ஸ்ட்ரோபே, ஷுட் என்ற இரு ஆய்வாளர்கள் துக்கத்தைப் பற்றி ஒரு விளக்கம் முன்வைத்தார்கள். துக்கப்படுகிறவர் இழப்பின் பக்கம் போவதும், வாழ்க்கையை ஒழுங்குபடுத்தும் பக்கம் திரும்புவதுமாக மாறி மாறிப் போய் வருகிறார், இரண்டுமே தேவை என்பது அதன் சாரம். ஒரே ஆள் காலையில் அங்கும் மாலையில் இங்கும் நிற்கலாம். குடும்பத்தில் சிக்கல் எப்போது வருகிறது என்றால், அம்மா முழுநேரமும் ஒரு பக்கமும் அண்ணி முழுநேரமும் மறுபக்கமும் நிற்கும்போது. அண்ணிக்கு ஐந்து வயதுப் பிள்ளையின் சோறும் பள்ளிக்கூடமும் இருக்கிறது. அவர் விழுந்தால் பிள்ளையும் விழும். அம்மாவுக்கு அந்தப் படத்தைத் தவிர வேறு எதுவும் மிஞ்சவில்லை. நீங்கள் யாரையும் திருத்தப் போகாதீர்கள். அண்ணியிடம் “மறந்திட்டீங்களா” என்ற சாயலே இல்லாமல், “உங்களுக்கு இரவு நித்திரை வருகுதா அண்ணி?” என்று மட்டும் கேளுங்கள். மிச்சத்தை அவர் கதைப்பார்.

அந்தப் படத்தைப் பற்றி ஒன்று சொல்லத்தான் வேண்டும். வாழ்நாளில் கோட் போட்டிராத மனிதருக்கு இறந்த பிறகு கோட் போட்டுவிடும் வழக்கத்தை எந்த ஸ்டூடியோ தொடங்கியதோ தெரியாது, இப்போது வீட்டுக்கு வீடு இருக்கிறது. மரியாதைக்காகச் செய்வதுதான். ஆனால் அண்ணிக்கு அதைப் பார்க்க ஏலாமல் இருப்பதற்கு, அது தன் கணவரைப் போல இல்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். அம்மாவின் படம் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். கையெல்லாம் ஒயில் கறையோடு கடை வாசலில் குந்தியிருக்கும் படம் ஒன்று உங்கள் போனில் இருப்பதாகச் சொல்கிறீர்களே, அதைக் கழுவி எடுத்து ஒன்றை அண்ணிக்கும் ஒன்றைப் பிள்ளைக்கும் கொடுங்கள்.

திவசத்துக்கு நான் நினைக்கும் வழி இது. திதி ஒரு நாளில் வரும், திகதி வேறொரு நாளில் வரும். பெரும்பாலும் இரண்டும் ஒன்றாக அமையாது. திதி நாளை அம்மாவுக்கு விட்டுவிடுங்கள். ஐயர், படையல், வருகிறவர்களுக்குச் சாப்பாடு, அவர் விரும்பியபடி நடக்கட்டும். அண்ணி வந்தால் சரி, வராவிட்டால் யாரும் கேள்வி கேட்கக் கூடாது. திகதி நாள் உங்களுக்கும் அண்ணிக்கும் பிள்ளைக்கும். அண்ணா மகளைக் கூட்டிக்கொண்டு கோட்டைக்குள் மான் பார்க்கப் போவார் என்று எழுதியிருக்கிறீர்கள். வாழைப்பழத் தோலைப் பையில் சேர்த்துக்கொண்டு போவாராம். அதையே செய்யுங்கள். பிறகு மேலே கோணேசருக்கு ஏறிப் போவதோ டச்பே கடற்கரையில் இருந்து கடலை சாப்பிடுவதோ உங்கள் விருப்பம்.

31ஆம் நாளுக்குக் கல்வெட்டு, அதுதான் நினைவுப் புத்தகம், அடித்திருப்பீர்கள். அதில் “சகோதரி புலம்பல்” என்று உங்கள் பெயரில் ஒரு பாட்டு இருந்திருக்கும், நீங்கள் எழுதாதது. பெயரை மாற்றினால் எந்த வீட்டுக்கும் பொருந்தக்கூடியது. அதைக் குறை சொல்லவில்லை, அந்த நேரத்தில் யாருக்குத்தான் எழுத வரும்? இப்போது நேரம் இருக்கிறது. அண்ணாவின் கடைக்கு வந்தவர்கள் தமிழர் மட்டுமா? சிங்கள மாத்தயாக்கள், கிண்ணியா முஸ்லிம் நானாமார், மீன் பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிளோடு விடியவே வந்து நிற்கும் ஆட்கள் எல்லோரும் இருந்திருப்பார்கள். ஒவ்வொருவரிடமும் உங்களுக்குத் தெரியாத ஒரு அண்ணா இருக்கிறார். காசு வாங்காமல் விட்ட கதை இருக்கும், கோபப்பட்டு ஸ்பனரை எறிந்த கதையும் இருக்கும். இரண்டையும் எழுதி வாங்குங்கள். எழுத வராதவர்கள் சொல்லச் சொல்லப் போனில் பதிந்துகொள்ளுங்கள். இறந்தவரைக் குற்றமே இல்லாத ஆளாக்கிவிட்டால் கொஞ்ச நாளில் அவரை அடையாளம் தெரியாமல் போகும். அவருடைய முன்கோபமும் அவர்தான். கடையில் வேலை பழகிய பொடியனிடமிருந்து தொடங்கினால் லேசாக இருக்கும். கடையை விற்பதா வைத்திருப்பதா என்பதை இந்தத் துக்கத்தோடு சேர்த்துக் குழப்ப வேண்டாம். அது அண்ணி ஆற அமர யோசித்து எடுக்க வேண்டிய முடிவு.

குரல் பதிவுகளைக் கேட்பது ஒரு நோயா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. இறந்தவரிடமிருந்து மனதைப் பிரித்தெடுப்பதுதான் துக்கத்தின் வேலை என்று 1917இல் வெளியான கட்டுரையில் எழுதியவர், உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய சிக்மண்ட் பிராய்ட். 1920இல் அவருடைய 26 வயது மகள் சோபி காய்ச்சல் கண்டு சில நாட்களுக்குள் இறந்துபோனார். ஒன்பது வருடம் கழித்து, மகனைப் பறிகொடுத்த நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், சோபி இருந்திருந்தால் இப்போது 36 வயது என்று குறிப்பிட்டு, அந்த இடத்தை எதுவும் நிரப்பாது, அப்படி இருப்பதுதான் சரி என்ற கருத்தில் எழுதினார். 1996க்குப் பிறகு இந்தத் துறையில் இருப்பவர்கள் பலரும் உறவு முறிவதில்லை, வேறு விதமாகத் தொடர்கிறது என்றே பார்க்கிறார்கள். திவசம் செய்கிற நமக்கு இது புதிதல்ல. ஆகவே கேளுங்கள். ஆனால் ஒளித்துக் கேட்காதீர்கள், படுக்கையில் இருந்து கேட்காதீர்கள். பின்னேரத்தில், வெளிச்சத்தில், முடிந்தால் அண்ணியோடு. அதற்கு முதல் இன்றைக்கே எல்லாப் பதிவையும் வேறு இரண்டு இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள். போன் தண்ணீரில் விழுந்தால் அதோடு போய்விடும்.

பிள்ளையின் விஷயம்தான் எனக்கு எல்லாவற்றிலும் அவசரமாகப்படுகிறது. “கட்டாருக்குப் போயிட்டார்” என்றது நல்லெண்ணத்தில்தான். ஆனால் நம் ஊரில் கட்டாருக்குப் போனவர்கள் வெள்ளிக்கிழமை வீடியோ கோல் எடுக்கிறார்கள், லீவுக்குச் சொக்லேட்டோடு வருகிறார்கள். அவளுடைய மாமாவே அப்படி வந்து போகிறார். அப்பா மட்டும் ஏன் எடுக்கவில்லை என்று அந்தப் பிள்ளை என்ன முடிவுக்கு வரும்? தன் மேல் கோபம் என்று நினைக்கலாம். பள்ளிக்கூடத்தில் வேறொரு பிள்ளை உண்மையைச் சொல்லிவிடவும் கூடும். இறந்தவர் திரும்பி வரமாட்டார் என்பது ஐந்து முதல் ஏழு வயதுக்குள் பெரும்பாலான பிள்ளைகளுக்குப் புரியத் தொடங்குகிறது. சொல்ல வேண்டியவர் அண்ணி, நீங்கள் மாமியாகப் பக்கத்தில் இருக்கலாம். சின்னதாகச் சொல்லுங்கள்: “அப்பாட நெஞ்சு வேலை செய்யாம நிண்டுட்டுது. அப்பா செத்துப் போயிட்டார். இனி வர ஏலாது. கட்டாருக்குப் போனார் எண்டு சொன்னது பிழை, எங்களுக்கு எப்பிடிச் சொல்றதெண்டு தெரியேல்ல.” நித்திரை கொள்கிறார் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், பிறகு பிள்ளை படுக்கவே பயப்படும். கேட்டுவிட்டு விளையாடப் போய்விடுவாள். இரண்டு நாள் கழித்து அதே கேள்வியைக் கேட்பாள். அதே பதிலைச் சொல்லுங்கள். அம்மாவுக்கும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், அப்பம்மா வேறு கதை சொன்னால் எல்லாம் குழம்பும்.

உங்களைப் பற்றி. வேலைக்குப் போகிறீர்கள், சமைக்கிறீர்கள், ஆனால் நித்திரை இல்லை, கடை இருக்கும் தெருவால் போக முடியவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் நீடித்த துயரக் கோளாறு என்று ஒன்று 2022 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆறு மாதம் தாண்டியும் துக்கம் கொஞ்சமும் இளகாமல், அன்றாட வாழ்க்கையை நடத்த விடாமல் செய்தால் அதைப் பற்றி யோசிப்பார்கள். கடிதத்தை வைத்து உங்களுக்கு அது என்று நான் சொல்லமாட்டேன், சொல்லவும் கூடாது. திருகோணமலை ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்கு ஒருமுறை போய் நேரில் கதையுங்கள். “விசர் ஆஸ்பத்திரி” என்று யாராவது சொன்னால் சொல்லட்டும். அண்ணாவோடு நானும் போயிருக்கலாம் என்ற நினைப்பு ஒருநாளாவது வந்தால் கிளினிக் நாள்வரை காத்திராமல் 1926க்கு எடுங்கள். அது தேசிய மனநல உதவி எண், இரவிலும் எடுக்கலாம்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. கூடப் பிறந்த ஆண் 55 வயதுக்கு முன் மாரடைப்பில் போனால், உங்களைப் போன்ற மற்ற உடன்பிறப்புகளுக்கும் ஆபத்து கொஞ்சம் கூடுதல் என்று வைத்தியர்கள் கணக்கில் எடுப்பார்கள். பிரஷர், சீனி, கொலஸ்ட்ரோல், ஈசிஜி எல்லாம் அரசாங்க ஆஸ்பத்திரியிலேயே பார்க்கலாம். அண்ணாவின் வயதையும் நடந்ததையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். வீட்டில் யாருக்கும் நெஞ்சுக்குள் ஒரு மாதிரி என்று வந்தால் 1990க்கு எடுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். அந்த எண்ணை அம்மாவின் போனில் நீங்களே பதிந்து கொடுத்துவிடுங்கள். மனநலப் பிரிவுக்குப் போகிற அதே நாளில் இரத்தமும் கொடுத்துவிட்டு வரலாம், ஒரே நாள் லீவு போதும்.